கலத்தின் அடியில் ஒரு பெயர்

விக்டோரியா மகாராணியின் காலத்தில் இங்கிலாந்தில் கைவண்ணமாகத் தீட்டப்பெற்ற சித்திரக் கலங்களுள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் பேறு வாய்த்தவர்கள், அதன் கழுத்தின் ஒயிலையும் வயிற்றின் திரட்சியையும் கண்டு முடித்தபின், தவறாமல் அதனைக் கவிழ்த்து அடிப்பாகத்தை உற்றுப் பார்ப்பார்கள். கலத்தின் ஜாதகம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. இலண்டன் மாநகரின் லாம்பெத் பகுதியில் ஹென்றி டோல்டனுடைய சூளையில் வெந்த ஜாடியானால், ஸ்தாபனத்தின் முத்திரை நடுவிலே அழுந்திக் கிடக்க, அதன் அருகே, பச்சை மண்ணாய் இருந்தபோதே கூரிய கருவியால் கீறப்பட்ட மூன்று ஆங்கில எழுத்துக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காணலாம்: பி, எச், பி. ஹன்னா போல்டன் பார்லோ என்னும் பெண்மணியின் அடையாளம் அது.

அந்த அம்மையார் 1871ஆம் ஆண்டில் டோல்டனின் சித்திரசாலைக்கு வந்து சேர்ந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருந்தவர். சக்கரத்திலிருந்து இறக்கி இன்னும் ஈரம் வற்றாத ஜாடியின் மேனியில் குதிரை, மான், ஆடு, கழுதை என்று பிராணிகளைக் கோடுகளாகவே கீறிச்செல்வதும், கீறிய பள்ளங்களில் நீலத்தையோ கபிலத்தையோ தேய்த்து நிரப்பி மேற்பரப்பைத் துடைத்துவிடுவதும், நிறமானது கோட்டுக்குள் மட்டும் தங்கி நிற்க, அக்கலத்தைச் சூளைக்கு அனுப்புவதும் அவருடைய முறை. சூளையின் உக்கிரம் உச்சத்தை எட்டிய வேளையில் அதனுள் உப்பை அள்ளி எறிவார்கள். உப்பு ஆவியாகிக் கலத்தின்மீது படிந்து, மண்ணில் உள்ள சிலிக்காவுடன் கூடிக் கண்ணாடிபோல் ஒரு மெல்லிய தோலாக இறுகும். மழையில் நனைந்த கழுதைக்குட்டியின் முதுகு மயிர்கூடத் தெரியும்படி கீறப்பட்ட அந்தக் கோடுகள், நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் நேற்றுக் கீறியவைபோல் நிற்பதற்கு இந்த உப்புத் தோலே காரணம். அவருடைய தங்கை புளோரன்ஸ் பார்லோவும் அதே சாலையில் பணிசெய்தார். அக்காள் விலங்குகளை எழுதுவது, தங்கை பறவைகளை எழுதுவது என்று இருவரும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். தங்கையின் கலங்களின் அடியில் அவருடைய பெயரின் எழுத்துக்கள் தனியே இருக்கின்றன. ஒரே வீட்டில் பிறந்த இரு சகோதரிகளின் கைகளைக்கூட இன்று நம்மால் வேறு பிரித்து அறிய முடிகிறதென்றால், அது அந்த எழுத்துக்களின் உபகாரமே.

நமது களனி கங்கைக் கரையிலும், இந்நாட்டின் ஏனைய குயவர் கிராமங்களிலும், பீங்கான் தொழிற்சாலைகளிலும் கலங்களுக்குச் சித்திரம் தீட்டும் கைகளுக்கு அந்த மூன்றெழுத்துக் கௌரவம் இன்றுவரை கிடைக்கவில்லை என்பதும், அது கிடைத்தே ஆகவேண்டும் என்பதுமே நான் சொல்ல விரும்புவது.

டோல்டன் ஸ்தாபனம் கலையை உத்தேசித்துத் தொடங்கப்பட்டதன்று என்பதை முதலில் சொல்லவேண்டும். கழிவுநீர்க் குழாய்கள் செய்து செல்வம் ஈட்டிய நிறுவனம் அது. வாந்திபேதி இலண்டனை வாட்டிய நாட்களில் நகரச் சுகாதாரத்தின் அவசியத்தை அரசாங்கம் உணர, நிலத்தடியில் புதைப்பதற்கு உப்புமெருகிட்ட மண்குழாய்கள் மைல் கணக்கில் தேவைப்பட்டன. அவற்றை வார்த்துக் கொடுத்தவர் ஹென்றி டோல்டன். அதே மண்ணிலும் அதே சூளையிலும் அழகிய கலங்களையும் உண்டாக்கலாமே என்று அவரிடம் வற்புறுத்தியவர், அயலில் இருந்த லாம்பெத் சித்திரக் கல்லூரியின் தலைவர் ஜோன் ஸ்பார்க்ஸ். முதலில் மனமில்லாமலும் பிறகு பேரார்வத்தோடும் டோல்டன் அதற்கு இசைந்தார். கல்லூரியிலிருந்து ஜோர்ஜ் டின்வொர்த் முதலிலும், பார்லோ சகோதரிகளும் மற்றவர்களும் பின்னரும் வந்தனர். இருபது ஆண்டுக் காலத்துக்குள் சித்திரசாலையில் பணிபுரிந்தோர் தொகை 300 அளவுக்குப் பெருகிற்று. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கண்ணியமான குடும்பத்துப் பெண் ஒருத்தி சம்பளத்துக்கு வேலைசெய்வதையே இழுக்காகக் கருதிய சமூகம் அது. அத்தகைய சமூகத்தில், பெண்ணின் கைவேலையை விற்பனைக்கு வைத்ததோடு அமையாமல், அவளுடைய பெயரையும் அதனடியில் பொறிக்கவைத்த காரியத்தைச் சிறியதென்று நான் எண்ணவில்லை. 1887இல் மகாராணியார் டோல்டனுக்கு ‘சேர்’ பட்டம் சூட்டினார். அதற்கு முன் குயவர் எவருக்கும் அந்தக் கௌரவம் கிட்டியதில்லை.

வில்லியம் டி மோர்கன் என்பவரையும் இங்கே நினைக்கவேண்டும். கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மொறிஸின் நண்பரான அவர், பாரசீக, துருக்கியக் கலங்களின் நீலத்திலும் பச்சையிலும் மனம் பறிகொடுத்து, மறைந்துபோயிருந்த பொன்மினுக்கு மெருகின் இரகசியத்தைப் பல ஆண்டு பரிசோதனையால் மீட்டவர். கலங்களுக்கும் ஓடுகளுக்கும் வேண்டிய உருவரைகள் அவருடையவை. தூரிகை பிடித்தவர்கள் அவரிடம் பணிசெய்த சார்ள்ஸ் பாசெஞ்சர், பிரெட் பாசெஞ்சர், ஜோ ஜஸ்டர் முதலியோர். புகழெல்லாம் தமக்கே உரியதென்று அவர் கொள்ளாமல், தீட்டியவருடைய முதலெழுத்துக்களும் கலத்தின் அடியில் இடம்பெறச் செய்தார். 1882ஆம் ஆண்டு முதலாகப் பி. அண்ட் ஓ. நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் பலவற்றின் சுவர்களை அலங்கரித்தவை அவருடைய சித்திர ஓடுகளே. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கி 1885இல் முற்றுப்பெற்ற பின், கீழைத்தேசத்துக்குப் போகும் அந்நிறுவனக் கப்பல்களுக்கு நமது துறைமுகம் முக்கியமான தங்குமிடமாயிற்று. ஆகவே, கொட்டாஞ்சேனையிலிருந்து பார்த்தால் புகைபோக்கி தெரியும் தூரத்தில் நின்ற கப்பல்களிலேயே அந்தக் கலை ஒருகாலத்தில் நம் வாசலுக்கு வந்து போயிருக்கிறது என்று எண்ணுவதில் தவறில்லை.

இவ்வளவும் சொன்னதால் அக்காலத்து இங்கிலாந்தைப் பொற்காலமாக நான் போற்றுகிறேன் என்று எவரும் கொள்ளலாகாது. லாம்பெத்துக்கு வடமேற்கே ஸ்டாபோர்ட்ஷயரின் குயவர் பட்டினங்களில், கலங்களில் நிறம் பூசியவர்களில் ஒரு பெரும்பகுதியினர் குழந்தைகள். 1841இல் அரசாங்கம் அனுப்பிய விசாரணையாளர் அச்சிறுவர் சிறுமியரின் நீண்ட வேலைநேரத்தையும் மெலிந்த உடலையும் கண்டு எழுதிவைத்திருக்கிறார். மெருகில் கலந்த ஈயம் அதைக் கையாண்ட தொழிலாளரின் நரம்பையும் குடலையும் பற்றியது. கருவுற்ற பெண்களின் சிசுக்களைக் கொன்றது. அந்த நஞ்சை ஆராய்வதற்கு அரசாங்கம் நிபுணர்களை நியமித்தது 1898இல்தான். மகாராணியின் ஆட்சி அப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. சில தொழிற்சாலைகளில் ஆண் சித்திரக்காரர்கள் கை நடுங்காதபடி மணிக்கட்டை ஊன்றிக்கொள்ளும் தாங்குகட்டையைப் பெண்கள் பயன்படுத்தலாகாது என்று தடுத்துவைத்திருந்தார்கள். நுட்பமான, அதிகக் கூலி தரும் வேலை தங்கள் கையைவிட்டுப் போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். பெயர் பொறிக்கப்பெற்ற பார்லோ ஒருத்திக்குப் பின்னால், பெயரின்றி ஈயத்தில் கரைந்த ஆயிரவர் உண்டு. அவர்களைப் பற்றி இன்று நாம் தனித்தனியே எதையும் அறிய முடியாததே, பெயர் பொறிப்பதன் மதிப்பை எனக்கு மேலும் உணர்த்துகிறது.

ஆங்கிலேயர் தம் நாட்டில் தொடங்கிய இந்த மரியாதையைக் கீழைத்தேசத்துக்குக் கொண்டுவரவில்லை. பம்பாய்ச் சித்திரக் கல்லூரியில் ஜோர்ஜ் டெரி என்பவரின் மேற்பார்வையில் 1870களில் சிறந்த கலங்கள் உருவாயின. சிந்து தேசத்து நீலமெருகும் அஜந்தாக் குகைகளின் உருவங்களும் அவற்றில் கலந்து பொலிந்தன. ஐரோப்பியக் கண்காட்சிகளில் அவை பெரும் பெயர் பெற்றன. ஆயின் அக்கலங்களைக் கவிழ்த்துப் பார்த்தால் கல்லூரியின் பெயரோ பட்டறையின் பெயரோதான் பொறித்திருக்கும். தூரிகை பிடித்த இந்தியரின் பெயரைக் காண்பது அரிது. 1886இல் இலண்டனின் தென் கென்சிங்டனில் நடந்த குடியேற்ற நாடுகளினதும் இந்தியாவினதும் மகா கண்காட்சியில், இலங்கைக்கும் ஒரு கூடம் இருந்த அந்தக் கண்காட்சியில், ஆக்ராவிலிருந்து பக்ஷிராம் என்ற முதிய குயவர் ஒருவர் பார்வையாளர் முன்னிலையில் சக்கரம் சுற்றினார். வயது நூற்றைத் தாண்டியவர் என்று அவரைச் சொன்னார்கள். மகாராணியின் கட்டளைப்படி ரூடொல்ப் சுவொபோடா என்ற ஓவியர் அவருடைய முகத்தை எழுதினார். அந்த ஓவியம் அரச குடும்பத்தின் தொகுதியில் இன்றும் இருக்கிறது. பக்ஷிராமும் அவருடன் போன கைவினைஞர்களும் ஆக்ராச் சிறைச்சாலையில் தொழில் பழகியவர்கள். அவருடைய பெயர் நமக்குத் தெரிவது அவர் வனைந்த பானையால் அன்று. வேறொருவர் அவருடைய முகத்தை வரைந்தமையால்தான். இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நோகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். களனி ரஜமகா விகாரைக்குப் போகிறவர்கள், இனமத பேதமின்றி, புதிய மண்டபங்களின் சுவரோவியங்களுக்கு முன்னால் சற்று நின்றுவிடுவார்கள். அவை சோலியஸ் மெண்டிஸின் கைவண்ணம்; பல ஆண்டுகள் அவர் அந்தச் சுவர்களோடு வாழ்ந்தார். ஹெலெனா விஜேவர்தன அம்மையாரின் கொடையால் அந்தத் திருப்பணி நடந்தது. வரைந்தவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் இந்நாட்டுப் பள்ளிப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், தெரிந்திருப்பதே முறை. ஆனால் அதே விகாரையின் வாசலிலும் வீதியோரங்களிலும் விற்கப்படும் மண் கலங்களின் மேல் தாமரையிதழ் வரிசையையும் கொடிக்கருக்கையும் தீட்டுபவர் யார் என்று கேட்டால், விற்பவருக்கே பல சமயம் தெரிவதில்லை.

களனிக்கு அண்மையில், கண்டி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில், தகரக் கூரையிட்ட கொட்டில் ஒன்றில் நடுவயதுப் பெண் ஒருவர் கலசங்களுக்கு வர்ணம் தீட்டுவதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததுண்டு. கலசத்தைப் பழந்துணிச் சும்மாடொன்றின்மேல் மடியில் சாய்த்து, இடக்கையால் அதைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே, வலக்கைத் தூரிகையை அசையாமல் பிடித்திருந்தார். கலம்தான் சுழன்றது, தூரிகை நின்ற இடத்தில் நின்றது. கழுத்தைச் சுற்றிய வெள்ளைக் கோடு தொடங்கிய இடத்தில் மயிரிழை பிசகாமல் வந்து முடிந்தது. இதழ்களை எண்ணித்தான் இடுகிறீர்களா என்று கேட்டேன். எண்ணினால் கடைசி இதழ் இடம் போதாமல் நெருங்கிவிடும், கண்ணால் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். தாயிடம் பார்த்துப் பழகியதாம். முன்னாளில் வெள்ளைக்கு மகுள் மண்ணும், சிவப்புக்குச் சாதிலிங்கமும், மஞ்சளுக்குக் கொக்கட்டுப் பிசினும், கறுப்புக்கு விளக்குப் புகையும் கொண்டு இந்நாட்டுச் சித்திரக்காரர் தீட்டினார்கள்; இன்று டப்பாவில் வரும் எனாமல் வர்ணம். வர்ணம் மாறினாலும் கை மாறவில்லை. அவர் தீட்டி முடித்த கலசங்கள் மொத்தமாக லொறியில் ஏறிக் கடைகளுக்குப் போகின்றன. அவற்றின் அடியில் எதுவுமே எழுதியிருப்பதில்லை.

அக்கலங்களுள் சில நம் கைக்கும் வருகின்றன. வெள்ளவத்தையில் ஒரு கல்யாணம் என்றால், மணவறையருகே வைக்க அரசாணிப் பானையும் முளைப்பாலிகைச் சட்டியும் வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையின்மேல் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கோடிழுத்த அந்தப் பானைகளைச் சாமான் வாடகைக்குக் கொடுப்பவரிடமோ கடையிலோ எடுக்கிறோம். மேளக்காரருக்கும் சமையற்காரருக்கும் பெயர் உண்டு. மணவறை சோடித்தவரின் பெயர் பெரிய பதாகையில் வாசலிலேயே நிற்கும். அக்கினி சாட்சியாக நடக்கும் சடங்கில் தானும் ஒரு சாட்சியாய் நிற்கும் பானையைத் தீட்டியவரை மட்டும் நாம் விசாரிப்பதில்லை.

இந்த இடத்தில் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் அபிப்பிராயத்தைச் சந்திக்காமல் மேலே போக முடியாது. நமது சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தராய் 1877இல் கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, இந்நாட்டின் கனிப்பொருள் அளவைப் பகுதிக்குத் தலைவராக வந்தவர், பாறைகளைத் தேடிப் போன கிராமங்களில் கைவினைஞர்களைக் கண்டுகொண்டார். அதன் பயனாக எழுந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலை, வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியில், 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை தாமே மேற்பார்த்து 425 பிரதிகள் அச்சிட்டார். சித்திரக்காரர், தட்டார், தச்சர் ஆகியோரோடு குயவருக்கும் அந்நூலில் உரிய இடம் உண்டு. குயவனின் சக்கரத்தைக் கொல்லனின் உலைக்களத்துக்குச் சமமாக வைத்து ஆராய்ந்த அறிஞர் அவருக்கு முன் இந்நாட்டில் எவரும் இருந்ததாக நான் அறியேன்.

பெயர் பொறிக்கும் வழக்கத்தை அவர் விரும்பியவரல்லர். கைவினைஞன் தன் பெயரைக் கலையின்மேல் ஏற்றாமல் மரபினுள் கரைந்துவிடுவதே உயர்ந்த நிலை என்பது அவர் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் வலியுறுத்திய கொள்கை. ‘நான்’ என்பது கலையில் தலைதூக்கியதே மேனாட்டுக் கலையின் வீழ்ச்சிக்கு வித்து என்பது அவருடைய துணிபு. அவர் பாதத்தைத் தொட்டு வணங்கத்தக்க பெரியார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இந்த விஷயத்தில் அவரோடு நான் உடன்பட இயலாது. அவர் கண்ட பழைய கிராமத்தில் குயவன் பெயர் கலத்தில் இல்லாமலிருந்ததற்குக் காரணம், அது ஊரார் எல்லாருடைய நாவிலும் இருந்தது. எந்த வீட்டுப் பானை எந்தக் குயவன் வனைந்தது என்பது அவ்வூர்ப் பெண்களுக்குத் தெரியும்; பானை ஓட்டையானால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்பதும் தெரியும். அரசனுக்கோ விகாரைக்கோ சேவகம் செய்ததற்காக அவனுக்கு மானிய நிலம் இருந்தது. அந்த நிலமே அவனுடைய பெயர்ப் பலகை. அத்தகைய உறவின் நடுவில் முத்திரை மிகைதான். நிலமானியம் போய், ஊர் போய், வாங்குபவனுக்கும் வனைபவனுக்கும் நடுவில் லொறியும் தரகரும் கடைக்கண்ணாடியும் வந்து நின்றுவிட்ட இந்நாளில், பெயரின்மை துறவன்று, மறதி. அதுவும் கைவினைஞன் தானாகத் தெரிந்துகொண்ட மறதியன்று. விற்பவர்களும் வாங்குபவர்களும் அவன்மேல் சுமத்தியது.

பீங்கான் தொழிற்சாலைகளின் கதை சற்று வேறு. களிமண்ணும் வெண்களியும் இந்நாட்டில் நிறைய உண்டு: பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் வெண்களி, மாத்தளைப் பக்கத்தில் பெல்ஸ்பார், நாத்தாண்டியாவில் வெண்மணல். இவற்றைக் கொண்டு 1972இல் ஜப்பானிய நொரிடேக் நிறுவனத்தின் கூட்டோடு மாத்தளையில் எழுந்த ஆலையும், 1984இல் தங்கொட்டுவையில் தொடங்கிய ஆலையும் உலகமெங்கும் மேசைப் பீங்கான்களை அனுப்பின. பெரும்பாலான சித்திரங்கள் இப்போது அச்சிட்ட ஒட்டுப்படங்கள் என்பது உண்மை. ஆனால் ஒட்டுப்படத்தைச் சுருக்கமில்லாமல் வளைவில் பதிப்பதற்கும், விளிம்பில் தங்கக் கோடு இழுப்பதற்கும், கையால் மலரெழுதும் அலங்காரக் கலங்களுக்கும் இன்றும் மனிதக் கை வேண்டியிருக்கிறது. பீங்கானைத் திருப்பிப் பார்த்தால் நிறுவனத்தின் முத்திரையும் நாட்டின் பெயரும் அழகாக இருக்கும். அந்த முத்திரைக்குப் பக்கத்தில் இரண்டெழுத்துக்கு இடமில்லாமற் போகவில்லை.

இதனால் உற்பத்திச் செலவு ஏறிவிடும் என்று சொல்வோர் உண்டு. தூரிகை கையிலிருக்கிறது, வர்ணம் முன்னாலிருக்கிறது, எழுதத் தெரிந்த கையும் இருக்கிறது. இரண்டெழுத்து இடுவதற்கு ஆகும் பொழுது ஒரு இலை எழுதும் பொழுதிலும் குறைவு. பெயர் இட்ட பெண் நாளை அதிகக் கூலி கேட்பாள், வேறிடத்துக்கும் போய்விடுவாள் என்பதுதான் சொல்லப்படாத அச்சமாக இருக்கலாம். கேட்கட்டும், போகட்டும். டோல்டனுடைய சித்திரசாலை கலைஞர்களின் பெயரை வெளியே தெரிவித்ததால் நொடித்துப் போகவில்லை. பார்லோவின் எழுத்துக்கள் உள்ள ஜாடியை அவருடைய காலத்திலேயே தேடி வாங்கினார்கள். இன்றும் அவ்வெழுத்துக்கள் இருக்கும் கலத்துக்கும் இல்லாத கலத்துக்கும் விலையில் பெரும் வித்தியாசம் உண்டு. பெயரால் முதலாளிக்கும் இலாபமே வந்தது.

தேசிய அருங்கலைகள் பேரவை, 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்து, சிறந்த கைவினைஞர்களைத் தெரிந்து விருதளித்து வருகிறது. மேடையில் அவர்களுடைய பெயர்கள் முழங்குகின்றன. அது நல்ல காரியம். மேடையில் முழங்கும் பெயர், கடையில் விற்கும் கலத்திலும் இருக்கட்டும் என்றே பேரவையை வேண்டுகிறேன். லக்சல விற்பனை நிலையங்களில் விலைச்சீட்டோடு தீட்டியவரின் பெயரும் ஊரும் மும்மொழியிலும் எழுதிய ஒரு சீட்டையும் கட்டலாம். நூதனசாலைகள் இனிமேல் வாங்கிச் சேர்க்கும் மட்கலங்களுக்கு, வனைந்தவர் யார், தீட்டியவர் யார் என்று கேட்டு எழுதிவைத்த பிறகே இலக்கமிடலாம். நூறாண்டு பழைய கலத்துக்கு இனி யாரிடம் கேட்பது? இன்றைய கலத்துக்காவது கேட்டுவைக்கலாமே. பல்கலைக்கழகங்களில் சித்திரமும் மட்பாண்டமும் பயிலும் மாணவர்கள் களனிக் கரையிலிருந்து மொலகொடை வரை உள்ள குயவர் வீடுகளுக்குச் சென்று இந்தப் பெயர்களைத் திரட்டித் தருவார்களானால், அதைக்காட்டிலும் பயனுள்ள ஆராய்ச்சிக் கட்டுரை வேறு இருக்க முடியாது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ சித்திரப் பானை வாங்கப் போகும்போது, விலை பேசிய பின்னர், “இதைத் தீட்டினது ஆர், பெயரென்ன?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெரியாதென்றால், அடுத்தமுறை கேட்டுவைக்கும்படி சொல்லுங்கள். வாங்குகிறவர் பலர் கேட்கத் தொடங்கினால், கடைக்காரர் தரகரிடம் கேட்பார், தரகர் கொட்டிலில் கேட்பார். பெயர் கிடைத்ததும் பானையின் அடியில் ஒரு கரித்துண்டாலாவது அதை எழுதிவிடுங்கள்.